மைக் செட் வாய் மூடிய காலை

ஆரணியில் மைக் செட்டைப் பார்க்காதவர்கள் இருக்கலாம்; கேட்காதவர்கள் கிடையாது. பிறந்த குழந்தை முதலில் கேட்பது தாயின் குரல் என்பார்கள். எங்கள் ஊரில் அது இரண்டாவதுதான். பிரசவ ஆஸ்பத்திரி முனையில்தான் மைக் செட்டின் ஆட்டோ திரும்பும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் எழுதியிருப்பார்கள். ஊருக்கு அவர் மைக் செட். ஆட்டோவின் தலைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையர், அதற்குப் பக்கத்தில் அவர். பட்டுச் சேலைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன கன்றுக்குட்டி எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு அருகே ஆம்ப்ளிஃபையர் புகைந்து செத்துப்போனது. அவருக்கும் அது தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த நாலு தெருவையும் வெறும் தொண்டையாலேயே முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்தான் ஒயரில் கருகல் வாடை வருவதைக் கண்டுபிடித்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்தில் மிகவும் பிடித்த வேலை, பறவை பார்ப்பது.

அதற்கு நாங்கள்தான் காரணம். ஆரணியில் ஒரு பறவைக் குழு உண்டு. குழு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒரு பேராசிரியர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான், வந்தால் வரும் இன்னும் நாலைந்து பேர். ஒரு தீபாவளிக்கு முன்னால், ஏரிக்கரையில் வெடி வெடிக்க வேண்டாம் என்று ஜனங்களுக்குச் சொல்ல மைக் செட்டை அமர்த்தினோம். பேராசிரியர் எழுதிக் கொடுத்ததை அவர் ஊருக்குள் ஒழுங்காக அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. கடமை உணர்ச்சி மிகுந்து ஆட்டோவை ஏரிக்கரைக்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! நமது ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகை தந்திருக்கின்றன! யாரும் சத்தம் போடாதீர்கள்! அமைதி! அமைதி! அமைதி!”

மூன்றாவது அமைதியில் ஏரி அப்படியே எழுந்து வானத்துக்குப் போயிற்று. வாத்து, கொக்கு, நாரை, உள்ளான், பெயர் தெரியாதது எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் சுற்றின. பேராசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மைக் செட்டோ மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோ படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

“இதுங்கல்லாம் இத்தினி நாளா இங்கயேவா இருந்துச்சிங்க?” என்றார். கரையில் நின்றவர்களெல்லாம் ஆமாம் என்று தலையாட்டும்படி கேட்டார்.

மறுநாள் காலை என் கடை வாசலில் நின்றார்.

“கண்ணாடிம்மா! தூரத்துல கீறத கிட்டக்க காட்ற கண்ணாடி ஒண்ணு குடுங்க!”

பைனாகுலர் வரவழைத்துத் தருகிறேன், அதற்குமுன் பவர் பார்த்துவிடலாம் என்று உள்ளே உட்கார வைத்தேன். அது நான் செய்திருக்கக் கூடாத காரியம். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை அவர் அறிவித்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு என் கடைக்கு வந்த ஒருவருக்கும் பார்வைக் குறை இல்லை. கண்புரை முற்றிய ஒரு பெரியவர் கடைசி வரிசையைச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஒப்பித்தார்.

இப்படித்தான் மைக் செட் எங்கள் குழுவில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் நாங்கள் பூனை நடை நடப்போம். புதரில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். பேராசிரியர் விரலால் காட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

“சார்! மீன்கொத்தி சார்!”

மீன்கொத்தி சேத்துப்பட்டு திசையில் போய்விடும்.

“மெதுவா பேசுங்க,” என்பார் பேராசிரியர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மெதுவாத்தானே சார் பேசிகினு கீறேன்!” என்பார் மைக் செட். எதிர்க்கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பொய் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் மெதுவு. பாவம், உட்கார்ந்திருக்கும் பறவை எதையும் அவர் கண்டதே இல்லை. பறந்து போகும் பறவையின் பின்பக்கத்தை வைத்து இன்ன பறவை என்று சொல்லும் தேர்ச்சி எங்கள் வட்டாரத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு. பேராசிரியர் எத்தனையோ வைத்தியம் செய்து பார்த்தார். வாயில் கடலைமிட்டாய் போட்டுக்கொள்ளச் சொன்னார், கடலைமிட்டாயோடு பேசினார். துண்டால் வாயைக் கட்டிக்கொள்ளச் சொன்னார், துண்டுக்குள்ளிருந்து பேசினார். கடைசியில், “நீங்க ஏரிக்கு வர வேணாம், வாட்ஸப் குழுவுல மட்டும் இருங்க,” என்று பக்குவமாகச் சொன்னார். வாட்ஸப்பில் குரல் பதிவு என்று ஒன்று இருப்பதை அவர் மறந்துவிட்டார். அன்று மாலை குழுவில் இருந்த அத்தனை பேர் போனும் அதிர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து எந்தப் பறவையை விரட்டினாலும், “அய்யோ, போச்சே” என்று எங்களைவிட அதிகம் வருந்தியவர் அவர்தான். அடுத்த வாரம் எங்களுக்கு முன்னால் வந்து நின்றவரும் அவர்தான்.

ஒரு தை மாதம் பேராசிரியர் என் கடைக்கு ஓடி வந்தார். ஓடுகிற வயது இல்லை அவருக்கு. போனை நீட்டினார். மரக்காணத்துக் கடற்கரையில், கழிமுகத்துச் சேற்றில், பனிமூட்டத்துக்கு நடுவில் யாரோ ஒரு பறவையைப் பார்த்திருக்கிறார். படம் இல்லை. நிச்சயமும் இல்லை. கரண்டிமூக்கு உள்ளானாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

“இருக்கலாம்தான். ஆனா இருந்துட்டா?” என்றார் பேராசிரியர்.

சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் பனி உருகும் கரையில் முட்டையிட்டு, குளிர் வந்ததும் பர்மா, தாய்லாந்துப் பக்கம் பறந்து போகும். எப்போதாவது அத்தி பூத்தாற்போல் ஒன்று வழி மாறி நம் கரைக்கு வரும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கின்றன. மூக்கு நுனி கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். இதையெல்லாம் பேராசிரியர் எனக்கு ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

“கரண்டிய கையோட கொண்டாந்துகினுதான் சாப்டவே வருதா சார்! நம்மூரு கல்யாணத்துக்கு வர்றவன்லாம் கைய வீசிகினுல்ல வர்றான்!”

அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பேராசிரியர் முகம் கன்றிப்போனது.

“நீங்க வர வேணாங்க,” என்றார்.

மைக் செட் கொஞ்சம் தயங்கினார். பிறகு, “சார், அது ரஷ்யாலேர்ந்து இம்மாந்தூண்டு ஒடம்ப வச்சிகினு இத்தினி தூரம் வந்துகீது. நான் ஆரணிலேர்ந்து மரக்காணம் போய் அத ஒரு தபா பாக்கக்கூடாதா?” என்றார்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாயைத் திறக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு அவரைச் சேர்த்துக்கொண்டோம். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் அவசர வேலை வந்துவிட்டது.

விடிவதற்கு முன் பேராசிரியர் தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு மைக் செட் வீட்டு வாசலில் வந்து நின்றார். மைக் செட் குரங்கு குல்லா, கம்பளி, கழுத்தில் பைனாகுலர் எல்லாம் தரித்து வெளியே வந்தார். அவர் மனைவி கட்டுச்சோற்றை என் மடியில் வைத்து, “கண்ணாடிம்மா, சேத்துல எறங்கப் பாப்பாரு, வுடாதீங்க,” என்றார்.

“நிபந்தனை ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“வாயே தொறக்க மாட்டேன் சார்!” என்றார் மைக் செட். தெருவில் மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது.

ஆனால் சொன்னதைச் செய்தார். சேத்துப்பட்டு போயிற்று, செஞ்சி போயிற்று, மனிதர் பேசவில்லை. செஞ்சிக் கோட்டையைக் கண்டதும் மட்டும் உடம்பு ஒருமுறை குலுங்கியது. திண்டிவனத்தில் டீ குடித்தபோது சர்க்கரை போதவில்லை என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். கடைக்காரர் என்னிடம், “பேச்சு வராதா பாவம்?” என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட கேள்வியை நான் எதிர்பார்த்ததில்லை.

மரக்காணம் தாண்டிக் கடலோரம் இறங்கியபோது உலகமே இல்லை. ஆரணியில் நாங்கள் பனி என்று சொல்வதெல்லாம் இதன் பக்கத்தில் வெறும் கொட்டாவி. நீட்டிய கை மணிக்கட்டோடு நின்றது. கடல் எங்கே என்று காதுக்குத்தான் தெரிந்தது. உப்பளத்து வரப்பைக் காலால் துழாவித் துழாவிக் கழிமுகத்துக்கு வந்தோம். எதிரே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மீனவர் பனிக்குள்ளிருந்து முளைத்தார்.

“இந்தாண்டயே நின்னு பாருங்க சார். கழியத் தாண்டாதீங்க. கொஞ்ச நேரத்துல கடத்தண்ணி ஏறும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி பனிக்குள் போய்விட்டார்.

பேராசிரியர் கேட்டார். கேட்டார் என்றால் காதில் வாங்கினார், அவ்வளவுதான். கழிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் உள்ளான்களின் கீச்சுக் குரல் வந்தது. அந்தக் குரல் கேட்டதும் அவருக்கு வயது இருபது குறைந்துவிட்டது. “இதோ வந்துடறேன்,” என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். இரண்டு அடியில் பனி அவரை விழுங்கியது.

நான் வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தேன். மைக் செட் எனக்குக் கொஞ்சம் முன்னால் சேற்று விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. கூப்பிட நினைத்தேன்; பேசினால் பதில் வரும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் போயிற்று. அவர் பைனாகுலரை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார். அசையவில்லை. செருமவில்லை. பெருமூச்சு கூட இல்லை. என் டீ ஆறியது. காரில் பேசாமல் வந்தது நிபந்தனைக்காக. அப்போதுகூட விரலால் தாளம் போட்டுக்கொண்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டும்தான் வந்தார். இப்போது விரல்கூட அசையவில்லை. மாரடைப்போ என்று எழுந்து இரண்டடி வைத்தேன். அப்போது அவர் தலையைத் திருப்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, நில் என்று காட்டினார்.

அந்த நேரத்தில்தான் கேட்டது.

“கண்ணாடிம்மா... யாராவது இருக்கீங்களா...”

பேராசிரியரின் குரல். எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒருமுறை இடப்பக்கம் கேட்டது, மறுமுறை கடல் பக்கம். “தண்ணி ஏறுது... கரை எந்தப் பக்கம்னு தெரியல...”

“சார்! இங்க சார்!” என்று கத்தினேன். என் குரல் என் மூக்கைத் தாண்டியதா என்பதே சந்தேகம். அலைச் சத்தம் அதை அமுக்கிவிட்டது. மறுபடி கத்தினேன். பதிலுக்கு வந்த குரல் முன்னைவிட எட்டத்தில் இருந்தது. அவர் கடலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

மைக் செட் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எதிரே சேற்றைப் பார்த்தார். கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். எழுந்து நின்றார்.

“சாஆஆர்!”

அதை நான் எழுத்தில் எழுத முடியாது. பனி கிழிந்தது என்றால் மிகை, ஆனால் நகர்ந்தது. சேறு முழுக்க நிறைந்திருந்த பறவைகள் ஒரே வீச்சில் எழுந்து என் தலைக்கு மேல் காற்றாகப் போயின. ஒன்றும் கண்ணில் படவில்லை. இறக்கைச் சத்தம் மட்டும் கன்னத்தில் அடித்துவிட்டுப் போயிற்று.

“சார்! என் சத்தம் வர்ற பக்கம் திரும்புங்க! ஜல்தியா வாங்க!”

“கேக்குது! கேக்குது!” என்றது தூரத்துக் குரல். “பேசிக்கிட்டே இருங்க! நிறுத்தாதீங்க! நிறுத்தினா திசை தெரியல!”

மைக் செட்டிடம் யாரும் அப்படி ஒரு வேண்டுகோளை வைத்ததே கிடையாது. அவர் திணறிப்போனார். “வாங்க சார், வாங்க, வாங்க,” என்றார். வாழ்க்கை முழுக்கப் பேசிய மனிதருக்கு அந்த இடத்தில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. தொண்டைக்குப் பழக்கமானதுதான் கடைசியில் கை கொடுத்தது.

“தாய்மார்களே! பெரியோர்களே! ஆரணி மக்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு! அசல் பட்டு! அசல் ஜரிகை! முகூர்த்தப் பட்டுக்கு நம்பி வாருங்கள்! அப்டியே நேரா வாங்க சார்! ஒரு சேலை எடுத்தால் ஒரு சேலை இலவசம்! வலது கைப் பக்கம் போவாதீங்க சார், ஆழம்! மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிறப்புச் சலுகை! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்! இந்தச் சலுகை சில நாட்களுக்கு மட்டுமே!”

வங்காள விரிகுடாவுக்குப் பட்டுச் சேலை விற்ற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். சேலைக் கடை விளம்பரங்கள் தீர்ந்ததும் கண் சிகிச்சை முகாமுக்குப் போனார். அதற்குப் பின் காணாமல் போன கன்றுக்குட்டியின் அடையாளங்களைச் சொன்னார். குரல் உடையத் தொடங்கியது. அவர் விடவில்லை. நெற்றி நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, கன்றுக்குட்டியின் நெற்றியில் வெள்ளைச் சுழி என்று கடலைப் பார்த்துக் கதறினார்.

கன்றுக்குட்டிக்குப் பதிலாகப் பேராசிரியர் வந்தார். மார்பு வரை நனைந்து, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கியபடி பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டார். மைக் செட் சேற்றில் இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் வரப்பில் விழுந்தார்கள். பேராசிரியர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“இன்னொரு சேலை... உண்மையிலேயே இலவசமா?” என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம்.

மரக்காணத்தில் ஒரு டீக்கடையில் பேராசிரியரைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்தோம். சூடாக போண்டா வந்தது. அப்போதுதான் மைக் செட் கரகரத்த தொண்டையோடு வாயைத் திறந்தார்.

“சார், அது இருந்துது.”

“எது?”

“கரண்டி.”

பேராசிரியரின் போண்டா பாதியில் நின்றது. அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். கால் என்ன நிறம்? கருப்பு. கூட என்ன இருந்தது? கொசு உள்ளான். எப்படி மேய்ந்தது?

“பனிக்குள்ளேர்ந்து கையெட்ற தூரத்துக்கு வந்துச்சு. மூக்க சேத்துல வச்சிகினு இப்டி இப்டி ஆட்டுச்சு சார். பாயசம் கிண்டற மாதிரி. நிமுந்துச்சு பாருங்க, கரண்டி முழுசா தெரிஞ்சுது. என்னயும் பாத்துது சார். பாத்துட்டு, போடான்னு மறுபடி சாப்டுது.” அவர் முகம் மலர்ந்து கிடந்தது. “ஒக்காந்துகினு கீற பறவய நான் மொத மொதல்ல பாத்தது அதான்.”

“படம் எடுத்தீங்களா?”

“இல்ல சார்.”

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“நான் பறவையப் பார்க்கல சார்,” என்றேன். “ஆனா இவரு அவ்ளோ நேரம் மூச்சு விடாம படுத்துக்கினு இருந்ததப் பார்த்தேன். வேற எது இவர அப்படிப் படுக்க வெச்சிருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

பேராசிரியர் கையிலிருந்த பாதி போண்டாவைப் பார்த்தார். “இது அறிவியல் இல்ல,” என்றார். இன்னொரு கடி கடித்தார். “ஆனா மறுக்கவும் முடியல.” பிறகு மெல்லக் கேட்டார். “நீங்க கத்துனா அது பறந்துடும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். அதுக்கு றெக்கை கீது, எங்கனா போய் பொழச்சிக்கும். உங்களுக்கு இன்னா கீது?”

பேராசிரியர் டீ கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கண்ணாடியில் ஆவி படிந்ததாகச் சொல்லித் துடைத்தார்.

படமும் இரண்டாவது சாட்சியும் இல்லாத பறவையை முறைப்படி எங்கும் பதிய முடியாது. பேராசிரியர் அதில் கறார். மைக் செட்டுக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. அவருக்கு வேறு கவலை. தொண்டை கட்டிக்கொண்டு பேச்சு அறவே நின்றுவிட்டது. ஆரணிக்கு அது பேஜாராகிவிட்டது. கடைக்காரர்கள் தவித்தார்கள். மதியத் தூக்கத்திலிருந்து யாரும் சரியான நேரத்துக்கு எழவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர்கள் முதலில் அவர் உடம்பை விசாரித்துவிட்டுத்தான் தங்கள் கண்ணைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு ஒரு நாள் காலை தெருக்கோடியில் அந்தக் குரல் கேட்டது. கடைக்குள்ளிருந்து வெளியே ஓடி வந்தேன்.

“அன்பார்ந்த ஆரணிப் பெருமக்களே! ரஷ்ய நாட்டிலிருந்து மரக்காணத்துக்கு வருகை தந்த கரண்டிமூக்கு உள்ளான், நலமாக உணவருந்திவிட்டுப் புறப்பட்டுச் சென்றது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்! நேரில் கண்டவர் உங்கள் மைக் செட்!”

ஆட்டோ என்னைக் கடந்து போனது. பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையருக்கு அந்தப் பக்கம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்பது அந்த ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதிலேயே தெரிந்தது. மைக் செட் அடுத்த தெருவுக்குத் திரும்புமுன் அவர் சாய்ந்து என்னவோ திருத்தம் சொன்னார். மைக் செட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த வருடமும் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. பேராசிரியர் மரக்காணத்துக்கு நாள் குறித்துவிட்டு, நீங்களும் வருகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். பறவை வருமா என்று நான் கேட்கவில்லை. மைக் செட் வருகிறாரா என்று மட்டும் கேட்டேன். வருகிறார் என்றதும் நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன்.